ஐம்பத்தொன்றாம் இடம்

சலைனா, கான்சஸ்
14 நவம்பர் 2016

மேலாளர் அவர்களுக்கு,
ஹாலோவே மாவட்ட விமான நிலையம்,
கிரீவ், நெப்ராஸ்கா.

அம்மையீர்,

அடுத்த ஆண்டு ஆகஸ்டு 21 அன்று வரப்போகும் முழு சூரிய கிரகணத்தின் நிழல் தங்கள் விமான நிலையத்தின் மேலேயே விழப்போகிறது என்று விமான ஓட்டிகளுக்கான பத்திரிகை ஒன்றில் படித்தேன். அன்று வந்திறங்கும் சிறிய விமானங்களுக்கு நிறுத்துமிடம் முன்பதிவு செய்யப்படுகிறது என்றும், ஓர் இடத்துக்கு நாற்பது டாலர் என்றும் போட்டிருந்தது. மற்ற நாள்களில் அங்கே வந்து நிறுத்துவதற்குக் கட்டணம் கிடையாது என்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பது தங்களுக்கும் தெரியும்.

எனக்கு ஓர் இடம் வேண்டும். நான்கு இருக்கைச் செஸ்னா, 1958இல் செய்தது. பதிவெண்ணின் கடைசியில் நான்கு ஒன்பது டெல்டா. இறக்கைகள் புதியவை. ஏன் புதியவை என்று எழுதுவதற்குத் தங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

காசோலை இணைத்திருக்கிறேன். இடம் இல்லையென்றால் அதைத் திருப்பி அனுப்பினால் போதும். வேறு எதுவும் எழுத வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ராய்ஸ் வைமர்


கிரீவ்
2 டிசம்பர் 2016

திரு. ராய்ஸ் வைமர் அவர்களுக்கு,

தங்கள் காசோலை கிடைத்தது. எங்கள் தளத்தில் கோடு போட்ட இடங்கள் அறுபத்துநான்கு. தங்களுக்கு ஒதுக்கியிருப்பது ஐம்பத்தொன்று. ரசீது இணைத்திருக்கிறேன்.

அலுவலகக் கடிதம் இவ்வளவுதான். இனி எழுதுவது உன் அக்கா.

ஐந்து வருடம் கழித்து உன் கையெழுத்தைப் பார்த்தேன். 'அம்மையீர்' என்று இருந்ததைப் படித்ததும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு ரொம்ப நேரம் அந்த உறையைக் கீழே வைக்க முடியவில்லை.

நாற்பது டாலர் எதற்கு என்று நீ நினைப்பாய். தீயணைப்பு வண்டி ஒன்று நாள் முழுக்க நிற்க வேண்டும், எட்டுக் கழிப்பறைகளை வாடகைக்கு எடுக்க வேண்டும், விமானங்களுக்கு வழிகாட்ட ஆள் போட வேண்டும். அதற்கு மேல் ஒரு டாலர்கூட வைக்கவில்லை. உன்னுடைய காசோலையைத் திருப்பி அனுப்பி, உனக்கு மட்டும் இலவசம் என்று எழுதலாமா என்று யோசித்தேன். எழுதவில்லை. அன்றைக்குச் செய்ததற்கு என்ன காரணமோ இதற்கும் அதுதான். 'மேனேஜரோட தம்பிக்குன்னா கொட்டகை கிடைக்குது, நமக்குன்னா வெயில்தான்' என்று ஊரில் பேசாத வாய் இல்லை. டிராய் ஹேஸ்கெல் தன் மருந்தடிக்கும் விமானங்களுக்குக் கொட்டகை கேட்டபோது எனக்கு வேறு வழி தெரியவில்லை. உன் விமானத்தை வெளியே எடுக்கச் சொன்னேன். இரண்டு வாரத்தில் ஆலங்கட்டி மழை வரும் என்று யார் கண்டார்கள்? அது என் கையில் இல்லை, ராய்ஸ்.

ஜோலீன் நலமா?

லவோன்


சலைனா
9 ஜனவரி 2017

அக்கா,

ஆலங்கட்டி உன் கையில் இல்லைதான். கொட்டகைச் சாவி உன் கையில் இருந்தது.

பதினோரு வருடம் அந்தக் கொட்டகையில் இருந்தது என் விமானம். மாதா மாதம் வாடகை கொடுத்தேன். எல்லாரும் கொடுத்த அதே வாடகை. ஊர் வாய்க்குப் பயந்து அதை வெளியே தள்ளினாய். அன்றைக்கு நான் வந்து சேர்ந்தபோது மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இறக்கையெல்லாம் சுத்தியலால் அடித்த மாதிரி. முன்கண்ணாடி இருக்கைமேல் கொட்டிக் கிடந்தது. நீ அலுவலக வாசலில் நின்றாய். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அதற்கப்புறம் இங்கே ஜோலீனின் ஊருக்கு வந்துவிட்டேன்.

டிராக்டர் பழுது பார்க்கும் வேலை முடிந்து வந்து, தினமும் இரண்டு மணி நேரம், நான்கு வருடம் அந்த இறக்கைகளோடு மல்லுக்கட்டினேன். இப்போது பறக்கிறது.

ஐம்பத்தொன்றை நான் விடமாட்டேன். காசு கொடுத்திருக்கிறேன், ரசீது இருக்கிறது. ஆனால் நான் வருவது சூரியனைப் பார்க்க. அதை நினைவில் வைத்துக்கொள்.

ஜோலீன் நன்றாக இருக்கிறாள். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். நான் சொல்லமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும், அதனால் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

ராய்ஸ்


கிரீவ்
20 மார்ச் 2017

ராய்ஸ்,

உன்னிடம் உதவி கேட்கும் நிலை வரும் என்று நினைக்கவில்லை. கேட்காமலும் முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

போன வாரம் மாவட்டக் குழுக் கூட்டம். டிராய் ஹேஸ்கெல் எழுந்து ஒரு யோசனை வைத்தார். இப்போது எரிபொருள் கடையும் அவருடையதுதான். கிரகணத்தை ஒட்டி மூன்று நாளைக்கு நிறுத்துதளம் முழுவதையும் தனக்குக் குத்தகைக்கு விட வேண்டுமாம். மாவட்டத்துக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிடுவார். வருகிறவர்களிடம் ஒரு விமானத்துக்கு அறுநூறு டாலர் வாங்குவார், அதற்கு மேல் அவர் கடையில் எரிபொருளும் கட்டாயம் வாங்க வேண்டும். தளத்திலிருந்து சாலைக்கு நடந்து போகிற சின்ன கேட்டையும் பூட்டிவிட்டு, எல்லாரையும் தன் கடை வழியாகத்தான் விடுவார்.

"ஏற்கெனவே பதிவு பண்ணின அறுபத்துநாலு பேரு?" என்று கேட்டேன்.

"காசைத் திருப்பிக் குடுத்துருங்க லவோன். வேணும்னா எங்கிட்ட வந்து பதிவு பண்ணட்டும். இந்த மாதிரி ஒரு நாள் இனி நம்ம ஆயுசுல வராது."

"அதனாலதான் கேக்குறேன். வர்றவங்க ஆயுசுலயும் வராதே."

ஒரு சிலர் சிரித்தார்கள். குழுத் தலைவர் மெர்ல் ஓஸ்ட்ராண்டர் சிரிக்கவில்லை. "மாவட்டத்துக்கு வருமானம் வருது. தடுக்க ஏதாவது சட்டம் இருந்தா அடுத்த கூட்டத்துல கொண்டுவாங்க. மனசு சொல்லுதுன்னு மட்டும் வராதீங்க" என்று முடித்துவிட்டார்.

சட்டம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், ஐந்து வருடத்துக்கு முன் என்மேல் வாஷிங்டனுக்கு நீ எழுதிப்போட்ட பதினேழு பக்கப் புகாரில்தான். அது தள்ளுபடியான அன்று என்னிடம் இருந்த பிரதியைக் கிழித்துப் போட்டேன். உன்னிடம் இருக்குமா?

அடுத்த கூட்டம் ஏப்ரல் 17.

லவோன்


சலைனா
27 மார்ச் 2017

அக்கா,

இருக்கிறது. அனுப்பியிருக்கிறேன். 'விதிகளை அறியாத அந்த மேலாளர்' என்று நான்கு இடத்தில் வரும். அது நீதான். தாண்டிப் படி.

ஆறாம் பக்கத்தைப் பிடித்துக்கொள். 2009இல் கிரீவ் ஓடுதளத்துக்குப் புதுத் தார் போட்டது மத்திய அரசின் பணம். அதை வாங்கும்போது மாவட்டம் கையெழுத்துப் போட்டிருக்கிறது. இருபது வருடத்துக்கு அந்த நிலையம் எல்லாருக்கும் பாரபட்சம் இல்லாமல், நியாயமான கட்டணத்தில் திறந்திருக்க வேண்டும். ஒரே ஆள் கையில் தனியுரிமையாகத் தூக்கிக் கொடுக்கக் கூடாது. மீறினால் வாங்கிய பணத்துக்கே வம்பு வரும். அந்தக் கையெழுத்து மெர்லுடையது. பிரதி பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது.

என் வழக்கில் இது நிற்கவில்லை. கொட்டகை வேறு, பொதுத்தளம் வேறு என்று சொல்லிவிட்டார்கள். உன் வழக்கில் நிற்கும்.

சத்தமாகப் படி. நீ கூட்டத்தில் பேசினால் பக்கத்து நாற்காலிக்கே கேட்காது.

ராய்ஸ்


கிரீவ்
18 ஏப்ரல் 2017

ராய்ஸ்,

சத்தமாகப் படித்தேன். ஆறாம் பக்கம் முழுவதும். தாளை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டேன். பிறகு பதினான்காம் பக்கத்தை மெர்ல் முன்னால் நகர்த்தினேன்.

மனிதர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார்.

"இது என் கையெழுத்துதான்."

"ஆமா மெர்ல்."

"நான் இதைப் படிக்காமலா கையெழுத்துப் போட்டேன்?"

"அது எனக்குத் தெரியாது."

டிராய்க்கு முகம் சிவந்துவிட்டது. "அந்தத் தளத்தை வருஷம் பூரா பெருக்கிச் சுத்தமா வச்சிருக்கிறது என் ஆளுங்க. பனி அள்ளுறது என் வண்டி. ஒரே ஒரு நாள் சம்பாதிக்கலாம்னா சட்டத்தைத் தூக்கிட்டு வர்றீங்க" என்றார். அதில் பொய் இல்லை, ராய்ஸ். அவர் பனி அள்ளுவது உண்மை. எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

மூன்றுக்கு இரண்டு என்று வாக்கு நமக்கு விழுந்தது. நாற்பது டாலர் நாற்பதாகவே இருக்கும். அந்தச் சின்ன கேட்டும் திறந்திருக்கும். ஆனால் மெர்ல் ஒரு நிபந்தனை போட்டார். அறுபத்துநான்குக்கு மேல் ஒரு விமானம்கூட நிற்கக் கூடாது. ஏதாவது அசம்பாவிதம் நடந்தால் முதலில் போவது என் வேலை. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

கூட்டம் முடிந்து காரில் உட்கார்ந்து உன் புகாரை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். கிழித்துப் போட்ட அன்று நான் அதை முழுதாகப் படித்திருக்கவே இல்லை. நன்றாக எழுதியிருக்கிறாய். கோபத்தில் எழுதியது போலவே இல்லை.

உன்னிடம் இன்னொன்று சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தில் வேண்டாம்.

லவோன்


சலைனா
30 ஜூலை 2017

அக்கா,

காலை ஆறு மணிக்கு இங்கிருந்து கிளம்புகிறேன். தனியாகத்தான். ஜோலீனுக்கு அன்று மருத்துவமனையில் வேலை. அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறாள்: "நாலு வருஷம் அந்த இறக்கையோட குடும்பம் நடத்தினியே, அதுல பாதி நாள் அக்காகிட்ட பேசியிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும்."

எழுதிவிட்டேன். நான் வருவது சூரியனைப் பார்க்க.

ராய்ஸ்


கிரீவ்
21 ஆகஸ்ட் 2017, மாலை

ராய்ஸ்,

நீ எங்கே இறங்கினாய்? உன் தொலைபேசி எண்கூட என்னிடம் இல்லை. சலைனா விமான நிலையத்துக்கு மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்தேன், லைனே கிடைக்கவில்லை. இந்த வட்டாரத்தில் இன்று எவன் தொலைபேசியும் வேலை செய்யவில்லை. இது கிடைத்ததும் பத்திரமாக இருக்கிறேன் என்று இரண்டு வரி எழுது. அதுவரை சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

விடியும்போது மூடுபனி. தேவாலயத்துப் பெண்கள் மிளகாய் சூப்பும் லவங்கப்பட்டைச் சுருள் ரொட்டியும் வைத்துக்கொண்டு, எதிரே இருக்கிற விளக்குக் கம்பம்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். எட்டு மணிக்குப் பனி விலகியது. மேலே சுத்தமான நீலம். அந்த நொடியிலிருந்து விமானங்களோடு பேசும் வானொலியில் குரல் ஓயவில்லை. ஒன்பதரைக்குள் ஐம்பத்தெட்டு வந்துவிட்டன. பத்துக்கு அறுபத்து மூன்று. ஐம்பத்தொன்று மட்டும் காலி. அதில் ஒரு ஆரஞ்சுக் கூம்பை வைத்து நானே காவல் நின்றேன்.

அப்புறம்தான் மற்றவர்கள் வர ஆரம்பித்தார்கள். கிழக்கே அயோவா, மிசூரி எல்லாம் மேகம். அங்கே பதிவு செய்தவர்கள் நீல வானத்தைத் தேடி மேற்கே பறந்து வந்துவிட்டார்கள். "கிரீவ், இடம் இருக்கா?" இதே கேள்வி நிமிடத்துக்கு ஒன்று. இல்லை என்று பதினோரு பேருக்குச் சொன்னேன். பன்னிரண்டாவது ஆள் ஒன்றுமே சொல்லாமல் பெருமூச்சு விட்டார். வானொலியில் பெருமூச்சு கேட்டிருக்கிறாயா? என்னால் தாங்க முடியவில்லை.

புல்தரையில் நிறுத்த முடியாது, முழுக்கத் தரை அணில்கள் தோண்டிய வளைகள். ஆனால் காற்றே இல்லை. பக்கக் காற்று அடித்தால் இறங்குவதற்காகக் குறுக்கே போகிற சின்ன ஓடுதளம், காற்று இல்லாத நாளில் எதற்கு? மெர்ல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"சின்ன ஓடுதளத்தை மூடிட்டு அதுல நிறுத்தப் போறேன்."

"யார் அனுமதி குடுத்தா?"

"நேரம் இருந்தா உங்ககிட்ட கேட்டிருப்பேன்."

"லவோன், வேலை போயிரும்."

"போகட்டும். நீங்க தீயணைப்பு வண்டியை அந்தக் கோடிக்குக் கொண்டுபோய்க் குறுக்க நிறுத்துங்க."

ஓடுதளம் மூடப்பட்டது என்று முறைப்படி அறிவிப்புக் கொடுத்தேன். மெர்ல் முணுமுணுத்துக்கொண்டே போய் வண்டியை எடுக்கச் சொன்னார். டிராய் கடையிலிருந்து வந்து கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு தன் ஆட்கள் நாலு பேரைக் கூப்பிட்டு விமானங்களைக் கையால் தள்ளி வரிசை கட்ட ஆரம்பித்துவிட்டார். பதினொன்றேகாலுக்குள் அந்தச் சின்ன ஓடுதளத்தில் மட்டும் எண்பத்து மூன்று விமானங்கள். இறக்கைக்கும் இறக்கைக்கும் நடுவே ஒரு ஆள் ஒதுங்கிப் போகலாம், அவ்வளவுதான். அவர்கள் யாரிடமும் நான் காசு வாங்கவில்லை. கோடு போடாத இடத்துக்கு என்ன கட்டணம் கேட்பது?

சின்ன ஓடுதளமும் நிரம்பியது. அப்போதுதான் அந்தப் பெண்ணின் குரல்.

"கிரீவ், அயோவால இருந்து வர்றோம். கூட வீட்டுக்காரரும் மாமியாரும். எரிபொருள் நாற்பது நிமிஷத்துக்குத்தான் இருக்கு. ஏதாவது ஒரு மூலை?"

அவர்கள் இறங்கலாம். இறங்கினால் நிற்க இடம் இல்லை. ஓடுதளத்தில் ஒருவர் நின்றுவிட்டால் மற்ற யாருக்கும் அவசரத்துக்கு வழி இருக்காது. நான் கூம்பைப் பார்த்தேன். "ஒரே ஒரு இடம் இருக்கும்மா, ஆனா அது ஒருத்தருக்கு ஒதுக்கினது" என்றேன். வானொலியில் இன்னொரு குரல் குறுக்கே வந்தது.

"ஐம்பத்தொண்ணை அவங்களுக்குக் குடுத்துரு."

பதிவெண்ணும் சொல்லவில்லை, பெயரும் சொல்லவில்லை. எனக்குத் தேவையும் இல்லை. கேட்டு ஆறு வருடமான குரல்.

"நீ எங்க நிறுத்துவ?"

"எனக்கு எரிபொருள் இருக்கு. மேல எவ்வளவு இடம் கிடக்குது பாரு. வாடகையும் கிடையாது."

நான் கூம்பை எடுத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முயற்சி செய்கிறேன்.

வெயில் இருந்தது, ஆனால் வெயிலின் சத்து போய்விட்டது. நூற்று நாற்பத்தேழு விமானங்களும் தகரம் போலச் சாம்பல் நிறமாயின. கான்கிரீட்டில் என் நிழலைப் பார்த்தேன். கலைந்த தலைமுடியின் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிந்தது. குளிர் கணுக்காலில் தொடங்கி ஏறியது. கொட்டகைக் குருவிகள் எல்லாம் கூட்டமாக உள்ளே போய் உத்தரத்தில் அடைந்தன. யாரோ "மேற்கே பாருங்க" என்றார்கள். மேற்கே வானம் இல்லை. கருநீலமாக ஒரு சுவர் அடிவானத்திலிருந்து எழுந்து எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லாமல். அவ்வளவு பெரியது வரும்போது ஒரு சத்தமாவது வர வேண்டாமா? அதுதான் என்னை உலுக்கியது.

பிறகு சூரியன் இருந்த இடத்தில் ஒரு கறுப்பு வட்டம். அதைச் சுற்றி வெள்ளையாக, தண்ணீரில் விரித்துப் போட்ட கூந்தல் மாதிரி ஒளி. படங்களில் நாம் பார்த்ததெல்லாம் ஒன்றுமில்லை, ராய்ஸ். படத்தில் அது அசையாமல் இருக்கும். இது உயிரோடு இருந்தது, எங்களைப் பார்ப்பது போல. நானூறு பேர் நின்ற இடத்தில் மூச்சுக் கேட்டது. டிராய் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். அயோவாக்காரியின் மாமியார், முன்பின் தெரியாத கிழவி, என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் விடவில்லை. சுற்றிலும் எல்லாத் திசையிலும் சூரியன் மறையும் நிறம். நம் கோபுர விளக்கு இரவு வந்துவிட்டது என்று நினைத்துத் தானாக எரிந்து, பச்சையும் வெள்ளையுமாகச் சுற்ற ஆரம்பித்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று கேட்காதே.

இரண்டரை நிமிடம். வெளிச்சம் திரும்பியதும் முதலில் சத்தம் போட்டது மெர்ல். ஊளை என்றுதான் சொல்ல வேண்டும்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஏப்ரலில் எழுதினேன். இன்று சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன். 2011 ஜூலையில் அந்த ஆலங்கட்டி ஐந்து மணிக்கு விழுந்தது. எச்சரிக்கை என் மேசைக்கு ஒரு மணிக்கே வந்துவிட்டது. டிராயின் விமானம் ஒன்று வயலுக்குப் போயிருந்ததால் கொட்டகையில் ஓர் இடம் காலியாக இருந்தது. உன்னைக் கூப்பிடத் தொலைபேசியைக் கையில் எடுத்தேன். முந்தின நாள்தான் நீ என்னிடம் கத்திவிட்டுப் போயிருந்தாய். அவனே வந்து கேட்கட்டும் என்று வைத்துவிட்டேன். நான்கு மணி நேரம் இருந்தது, ராய்ஸ். நான் கூப்பிடவில்லை. ஆலங்கட்டி என் கையில் இல்லை என்று உனக்கு எழுதினேன். பாதி என் கையில்தான் இருந்தது.

மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. எங்கே இறங்கினாய் என்று மட்டும் எழுது.

லவோன்


சலைனா
26 ஆகஸ்ட் 2017

அக்கா,

பத்திரமாக இருக்கிறேன். உங்களுக்குத் தெற்கே முப்பது மைல் தள்ளி, ஒரு பண்ணைக்காரர் எல்லாருக்கும் திறந்துவிட்டிருக்கிற புல் ஓடுதளம் இருக்கிறது. அங்கே இறங்கினேன். ஆளே இல்லை. வேலிக் கம்பத்தில் ஒரு காபி டப்பா. 'நிறுத்தக் கட்டணம், உங்களுக்குத் தோன்றியது' என்று எழுதியிருந்தது. இருந்ததைப் போட்டுவிட்டு இறக்கையின் கீழே படுத்துக்கொண்டேன். மாலைவரை அங்கிருந்து எழ மனம் வரவில்லை. அதனால்தான் திரும்பி உன்னிடம் வரவில்லை. பிடிவாதம் இல்லை, இந்த முறை.

நான் சூரியனைப் பார்க்கவே இல்லை.

சிரிக்காதே. என் விமானத்துக்கு இறக்கை தலைக்கு மேலே. சூரியன் உச்சிக்குப் பக்கத்தில் இருந்தது. நான்கு வருடம் பாடுபட்டுச் செய்த இறக்கை அச்சாகக் குறுக்கே நின்றது. சாய்த்துப் பார்த்திருக்கலாம். ஆனால் அப்போது கீழே பார்த்துவிட்டேன். அதற்கப்புறம் கண்ணை எடுக்க முடியவில்லை.

பதினோராயிரம் அடி. வயோமிங் பக்கம் மலைத்தொடர் தெரிந்துகொண்டிருந்தது. திடீரென்று அது இல்லை. மேகம் மறைத்த மாதிரி இல்லை. அந்த மலை இருந்த இடத்தையே யாரோ எடுத்துவிட்ட மாதிரி. பிறகு அந்த இருட்டு சமவெளியில் இறங்கியது. ஆறு வெள்ளிக்கம்பி போல மின்னிக்கொண்டிருந்தது, மேற்கு நுனியிலிருந்து அணைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு வயலாக, ஒவ்வொரு சாலையாக. நான் ஓட்டுகிற வேகம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வானத்தில் நான் ஒரு ஆணியில் மாட்டித் தொங்குவது மாதிரி இருந்தேன். நான் மெக்கானிக், அக்கா. பெரிய எந்திரங்களைப் பார்த்தவன். எதையாவது பார்த்தால் இதை எது இழுக்கிறது, எது தள்ளுகிறது என்றுதான் புத்தி போகும். அன்றைக்கு அந்தப் புத்தி வாயை மூடிக்கொண்டது. நிலா நகர்கிறது, அவ்வளவுதான். தினமும் நகர்கிறது. அது இவ்வளவு பெரிய காரியம் என்று ஒரு நாளும் எனக்குத் தெரிந்ததில்லை.

உன் நிலையம் தெரிந்தது. ஓடுதளத்தின் கறுப்புக் கோடு, அதன் குறுக்கே வெள்ளை வெள்ளையாக விமானங்கள், உப்பைக் கொட்டிவைத்த மாதிரி. நிழலின் விளிம்பு அந்தப் பக்கத்து வயலைத் தொட்டது. அடுத்த நொடி நீ இருந்த இடம் இல்லை.

"அக்கா" என்று கத்தினேன். விமானத்துக்குள் தனியாக, ஐம்பத்தைந்து வயது ஆள்.

பிறகு அந்த இருட்டில் ஒரு பச்சை. ஒரு வெள்ளை. மறுபடி பச்சை. சரி, இருக்கிறாள் என்று நினைத்தேன். நிழல் எனக்குக் கீழேயும் வந்து என்னையும் மூடியது. அடிவானம் முழுக்க நெருப்பு நிறம், நடுவில் நான், கீழே அந்த ஒரு விளக்கு. இரண்டு கையையும் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். விமானம் தானாகப் போய்க்கொண்டிருந்தது.

நீ எழுதியது பற்றி. எனக்குத் தெரியும்.

ஆலங்கட்டி எச்சரிக்கை முன்கூட்டியே உன் மேசைக்கு வரும் என்று அங்கே விமானம் வைத்திருந்த எல்லாருக்கும் தெரியும். கொட்டகையில் இடம் காலியாக இருந்ததை மழை விட்ட உடனே நான் போய்ப் பார்த்தேன். தரையில் சொட்டு ஈரம் இல்லை. வாஷிங்டனுக்குப் பதினேழு பக்கம் எழுதினேனே, எல்லாம் எழுதினேன், இதை மட்டும் எழுதவில்லை. எழுதியிருந்தால் உன் வேலை அன்றைக்கே போயிருக்கும். அது உன்னை விடாமல் அரிக்கட்டும், நீயே ஒரு நாள் சொல்வாய் என்று காத்திருந்தேன். இவ்வளவு நாள் ஆகும் என்று நினைக்கவில்லை. அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நல்ல காரியம் இல்லை என்று ஜோலீன் சொல்கிறாள். அவளுக்கு இது இந்த வாரம்தான் தெரியும்.

நீ சொல்லிவிட்டாய். போதும்.

கடைசிப் பக்கத்தில் என் எண் இருக்கிறது.

ராய்ஸ்


கிரீவ்
13 செப்டம்பர் 2017

ராய்ஸ்,

உன் எண்ணை நான்கு முறை எடுத்துப் பார்த்தேன். கூப்பிட்டால் அழுதுவிடுவேன், பேச்சு வராது. அதனால் கடிதம்.

போன வாரம் மாவட்டக் குழு என்னைக் கூப்பிட்டு விசாரித்தது. அனுமதியில்லாமல் ஓடுதளத்தை மூடியது, ஒப்புக்கொண்ட எண்ணிக்கையை மீறியது. இரண்டும் உண்மை என்று சொன்னேன். மறுபடி அப்படி ஒரு நாள் வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒருவர் கேட்டார். "அதேதான்" என்றேன். வேலையை விட்டு நீக்க இரண்டு பேர் கை தூக்கினார்கள். வேண்டாம் என்று இரண்டு பேர். எல்லாரும் மெர்லைப் பார்த்தார்கள்.

"நான் அன்னைக்கு அங்க இருந்தேன்" என்றார் மெர்ல். "என்னை என்னத்துக்குக் கேக்குறீங்க? தீயணைப்பு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வச்சதே நான்தான்."

ஒரு மாதம் சம்பளம் இல்லாமல் வீட்டில் இருக்க வேண்டும். வேலை இருக்கிறது. சின்ன ஓடுதளத்தைத் தேவைப்பட்டால் நிறுத்துமிடமாக்க முறையான திட்டம் ஒன்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். டிராயும் நானும் சேர்ந்து எழுதுகிறோம். அவர் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. ஆனால் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொள்கிறார்.

ஆக, எனக்கு இப்போது நேரம் இருக்கிறது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் காரில் கிளம்புகிறேன். மாலைக்குள் சலைனா வந்துவிடுவேன். ஜோலீனிடம் சொல்லிவிடு.

யாரிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். பத்தொன்பது வருடம் இந்த நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறேன். எத்தனை ஆயிரம் விமானங்களுக்கு நிற்க இடம் காட்டியிருப்பேன். ஒரு சின்ன விமானத்தில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. பயம். நீ எத்தனையோ தடவை கூப்பிட்டபோதெல்லாம் வேலை இருக்கிறது என்று பொய் சொன்னேன்.

கார் உன் வீட்டு வாசலிலேயே கிடக்கட்டும். திரும்பும்போது உன்னோடு வருகிறேன். நேராக இறங்கிவிடாதே. பதினோராயிரம் அடியில், நீ அன்றைக்குச் சுற்றிய அந்த இடத்தில், என்னை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டு. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் திற என்று சொல்லு.

உன் அக்கா